பாகம் பாகமா வர்ற கிட் வாங்கி வீட்டுலயே முதல் அக்கூஸ்டிக் கிட்டார் செய்ய முடியுமா? எதுல கவனமா இருக்கணும்?

தாராளமா முடியும். தச்சு வேலை தெரியாட்டியும் பரவால்ல, ஆனா சைடு பலகைய அவங்களே வளைச்சு, விரல் வச்சு அழுத்துற ஃபிரெட்போர்டுல ஃபிரெட்டுக்கான (குறுக்கால வர்ற உலோகப் பட்டை) பள்ளமும் போட்டு அனுப்புற கிட்டா பாத்து வாங்குங்க. சைடு பலகைக்குப் போடுற ரோஸ்வுட்ட, அதாங்க நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம், அத சூடு காட்டி வளைக்கறது புதுசா செய்றவங்களுக்கு வேண்டாத தலைவலி.

எல்லாரும் என்ன உளி, எத்தன கிளாம்ப்னுதான் கேக்குறாங்க, நான் கேக்குறது வீட்டுல ஏசி ரூம் இருக்கான்னு. நான் செஞ்சது சென்னையில. மரம் ஈரத்த இழுத்தா அகலவாக்குலதான் விரியும், நீளவாக்குல அனேகமா அசையவே அசையாது. மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம், மூணு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதுக்கு அடியில குறுக்கால, பலம் குடுக்குற பிரேஸ் கட்டைங்கள ஒட்டுறோம். ஐப்பசி மழையில பலகை நல்லா விரிஞ்சு கெடக்கும்போது ஒட்டிட்டீங்கன்னா அப்புறம் காய்ஞ்ச இடத்துக்குப் போனதும் பலகை சுருங்கப் பாக்கும் கட்டை விடாது, நடுவுல உள்வாங்கும் இல்ல ரேகையோட பொளந்துக்கும். அதனால ஈரப்பதம் காட்டுற மீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, 45லேருந்து 50 சதவீதம் இருக்குறப்ப மட்டும் பிரேஸ் ஒட்டுங்க, பலகையும் அதே ரூம்ல சில நாள் கெடந்து பழகட்டும்.

பசைக்கு டைட்பாண்ட் ஒரிஜினல் போதும், எபாக்ஸி வேணாம், பின்னாடி ரிப்பேருக்குப் பிரிக்கணும்னா டைட்பாண்ட் சூட்டுல இளகிக் குடுக்கும்.

அடுத்தது பிரிட்ஜ், அதாவது மேல் பலகையில கம்பிய மாட்டுற கட்டை. கிட்ல வந்த காகிதத்துல போட்டிருக்க அளவ அப்படியே நம்பி ஒட்டாதீங்க. நட்டுலேருந்து (கழுத்து நுனியில கம்பி உக்கார்ற பட்டை) 12வது ஃபிரெட் வரைக்கும் நீங்களே அளந்து ரெண்டால பெருக்குங்க, அதுதான் ஸ்கேல் நீளம், 25.4 இன்ச் ஸ்கேல்னா பாதி 12.7 வரணும். பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற சேடில் அந்த ஸ்கேல் நீளத்தவிட கொஞ்சம் பின்னாடி தள்ளி, தடி கம்பி பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சு உக்காரணும். அழுத்தி வாசிக்கும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறும்ல, அத ஈடுகட்டத்தான் இது. இங்க தப்பினா எவ்ளோ அழகா பாலிஷ் போட்டாலும் மேல போகப் போக சுருதி சேராது.

காசு மிச்சமாகும்னு மட்டும் இறங்காதீங்க. கிட் வில, கஸ்டம்ஸ், கிளாம்ப் எல்லாம் கூட்டுனா கடையில நல்ல கிட்டாரே வந்துரும்.