மூவருக்கு ஒரே விடை

ஐயாவுக்கு வணக்கம்.

நான் மேலூரிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து இளநிலைக் கணிதம் முதலாண்டு படிக்கிறேன். நேற்று நுண்கணிதத் தேர்வு. முடிந்ததும் மரத்தடியில் தோழிகளோடு விடைகளை ஒப்பிட்டேன். பத்து மதிப்பெண் தொகையிடல் கணக்கில் மூவருக்கு ஒரே விடை, எனக்கு மட்டும் வேறு. இரவு முழுவதும் உறக்கமில்லை. இன்னும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இனி ஒப்பிடாமலேயே கிளம்பிவிடலாமா? தோழிகள் தவறாக நினைப்பார்களா? கணிதம் எடுத்ததே பிழையோ என்றும் தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மகளுக்கு,

உறங்காத இரவைப் பற்றி எழுதியிருக்கிறாய். மரத்தடியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கு என்ன என்று மட்டும் எழுதவில்லை. கணிதம் படிக்கிற பெண் செய்கிற காரியமா இது? உன் விடையையாவது எழுதியிருந்தால் இந்தப் பதில் நான்கே வரியில் முடிந்திருக்கும்.

தோழிகள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாதே. பசி எடுத்தால் அவர்களும் வீட்டுக்குத்தான் போவார்கள். கணிதம் எடுத்தது பிழையா என்பதைத் தேர்வுக்கு மறுநாள் யாரும் யோசிக்கக் கூடாது.

உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘மூவருக்கு ஒரே விடை’ என்ற வரி. 1982இல் நானும் மதுரையில் இதே நுண்கணிதத் தேர்வை எழுதிவிட்டு, ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்று ‘டேலி ஆகிறதா’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கி, அந்தப் பெருக்கத்தைத் தொகையிட வேண்டும் என்பது கணக்கு. நான் சைனைப் பிரதியிட்டு, சைன் வர்க்கத்தில் பாதி என்று எழுதியிருந்தேன். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் நண்பன் காஸைப் பிரதியிட்டிருந்தான். அவனுக்குக் காஸ் வர்க்கத்தில் பாதி, அதுவும் முன்னால் எதிர்க்குறியோடு வந்திருந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. கூட நின்ற மற்ற இருவரின் விடையும் என் விடையோடு ஒத்துப்போய்விட்டது. “மைனஸ் வந்தபோதே தெரிய வேண்டாமாடா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுச் சிரித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு விடைகளும் சரி. சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் ஒன்று என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆகவே எங்கள் விடைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு எக்ஸ் என்னவானாலும் மாறாத ஓர் அரை மட்டுமே. இருமடங்குக் கோண வாய்பாட்டின் வழியே போயிருந்தால், காஸ் இரண்டு எக்ஸில் கால் பங்கு எதிர்க்குறியோடு வரும். அந்த விடை எங்கள் இருவருக்கும் சரியாக நடுவில், ஆளுக்குக் கால் தூரத்தில் நிற்கும். விடையின் கடைசியில் எந்திரம்போல் ‘கூட்டல் சி’ என்று எழுதுகிறோமே, எந்த எண்ணாகவும் இருக்கக்கூடிய அந்தத் தொகையிடல் மாறிலி இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் இடம் கொடுக்கத்தான் அங்கே இருக்கிறது. எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, என் நண்பன் அதற்குள்தான் நிற்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. வகையிடல் தொகையிடலுக்கு நேர்மாறு; இருவர் விடைகளையும் வகையிட்டிருந்தால் அரை நிமிடத்தில் ஒரே சார்பு, வினாவில் இருந்த அதே பெருக்கம், வந்திருக்கும். பக்கத்தில் இருப்பவன் தாளைப் பார்க்கத் தோன்றிய எனக்கு, விடையை வினாவுக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவர்களே இந்த மாதிரிச் சண்டையில் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. முதலில் கண்டது நியூட்டனா லைப்னிட்ஸா என்று விசாரிக்க 1712இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. அப்போது அதன் தலைவர் நியூட்டன், குழுவின் அறிக்கையை எழுதியதிலும் அவர் கைதான் பெரிது. தேநீர்க் கடை வாசலில் நானும் அப்படித்தான் வாதியாகவும் நீதிபதியாகவும் நின்றேன்.

இருபது ஆண்டுகள் கழித்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அந்த நண்பனைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: அடுத்த தேர்வில் எதிர்க்குறியோடு வந்த விடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து மாற்றினானாம். அந்தத் தாளில் தேறவில்லை. அவன் பேருந்து கிளம்பும்வரை எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

உன் விடையும் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கில் எங்கிருந்து எதுவரை தொகையிட வேண்டும் என்ற எல்லைகள் கொடுத்திருந்தால் மாறிலி கழிந்துபோய் ஒரே எண்தான் மிஞ்சும். அப்போது உன் எண்ணும் அந்த மூவரின் எண்ணும் ஒருங்கே சரியாக இருக்க முடியாது. எல்லைகள் இல்லையென்றால், மூவர் ஒரே குறிப்பேட்டில் படித்து ஒரே பிரதியீட்டைச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் அந்த ஒற்றுமை எதையும் காட்டவில்லை.

வினாத்தாள் உன் பையில்தானே இருக்கிறது? மேலூர்ப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் உன் விடையை வகையிட்டுப் பார். வினா திரும்பி வராவிட்டால் எனக்கு எழுது, இம்முறை கணக்கோடு.