மாடிப் பாத்தி: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கே: 4×4 அடி, ஓரடி உயரப் பாத்திப் பெட்டிகள் மூன்று வாங்கி மாடியில் வைக்கலாமா? எடை குறைவுதான் என்கிறார் விற்பவர். (வேளச்சேரி வாசகர்)

ப: அவர் சொல்வது காலிப் பாத்தியின் எடை. இந்த அளவுப் பாத்தி ஒன்றுக்கு 450 லிட்டர் கலவை பிடிக்கும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் சேர்த்தாலும் நனைந்ததும் 350 கிலோ வரும். செம்மண் கூடினால் 500 தாண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலை வைக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. உங்கள் பாத்தியின் பரப்போ ஒன்றரை சதுர மீட்டர், அதாவது அந்த இடத்துக்குக் கணக்கு 225 கிலோதான். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அரையடி உயரமே போதும், அதை வாங்குங்கள். தக்காளி, கத்தரியைப் பைகளில் நட்டுச் கீழ்வீட்டுச் சுவருக்கு நேர் மேலாக வரும் தரையில் வரிசையாக வையுங்கள். பழைய கட்டடம் என்றால் முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள்.

கே: 5 கிலோ கோகோபீட் கட்டி வாங்கிப் பாத்தி போட்டேன். கத்தரி நாற்றுகள் இலை நுனி கருகி அப்படியே நிற்கின்றன. தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை என்கிறார் கடைக்காரர். (மதுரை வாசகி)

ப: உங்கள் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இது பெரும்பாலும் உப்பின் வேலை. தேங்காய் மட்டையிலேயே சோடியம், பொட்டாசிய உப்புகள் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையில் இன்னும் கூடும். கழுவ நல்ல தண்ணீரும் கூலியும் ஆகும் என்று சிலர் அப்படியே அழுத்திக் கட்டியாக்கிவிடுகிறார்கள். கழுவியதும் கழுவாததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் உறையில் ‘இயற்கை’ என்று போட்டிருப்பதை விடுங்கள், உப்பின் அளவைக் காட்டும் இசி (மின்கடத்துதிறன்) எண்ணைக் கேளுங்கள். 0.5 மில்லிசீமன்ஸ் அளவில் இருந்தால் நல்லது. எண் சொல்ல மறுக்கும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் கோகோபீட்டுக்கு ஒன்றரை டம்ளர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து வடிகட்டி, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அந்தத் தண்ணீரில் வையுங்கள். 250 பிபிஎம் பக்கம் காட்டினால் சரி. 500 தாண்டினால் நாற்றுகளை எடுத்துவிட்டு, கோகோபீட்டை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து மூன்று முறை வடியுங்கள். நாரைப் பிடித்துக்கொண்ட சோடியம் வெறும் தண்ணீரில் முழுதும் போகாது. லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி அலசுங்கள்.

பில்லையும் மீட்டர் காட்டும் எண்ணையும் படம் எடுத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கே: பாதி விலைக்கு மண்புழு உரம் தருகிறார்கள். வாங்கலாமா?

ப: ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். அடியில் மணல் கனமாகப் படிந்தால் அது சலித்த மண். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரிமக் கார்பன் 18 சதவீதமாவது இருக்க வேண்டும். மூட்டையில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

கே: சந்தையில் பத்து விதைப் பாக்கெட் வாங்கினேன். பில் இல்லை, தேதியும் இல்லை. ஒன்றும் முளைக்கவில்லை. என்ன செய்ய?

ப: ஒன்றும் செய்ய முடியாது. பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பத்து வாங்கியிருக்கிறீர்கள். விதைச் சட்டப்படி குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அந்த எண்ணும் பரிசோதனைத் தேதியும் இல்லாத பாக்கெட்டைக் கையால் தொடாதீர்கள்.

கே: வளர்ப்புப் பை எது நல்லது?

ப: வெயிலின் புற ஊதாக் கதிரை (யுவி) தாங்கும் எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் பை, 220 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 220 கிராம்) குறையாமல். மெல்லிய பைகளை நானும் வாங்கியிருக்கிறேன். வெயிலில் தையல் ஓரமாகப் பொடிந்தன.

கே: 4×4 பாத்தியில் 16 தக்காளி வரும் என்று விளம்பரம் சொல்கிறதே?

ப: நான்கு வையுங்கள். தக்காளியை நெருக்கினால் காற்றோட்டம் இல்லாமல் இலைக்கருகல் வரும்.