“வலுவின்மையில் வல்லமை” என்று கத்தோலிக்கர்கள் சொல்வதற்கு என்ன பொருள்?

தன்னால் முடியாததை ஒளிக்காமல் கடவுளிடம் ஒப்புக்கொண்டு, அவர் தரும் அருளில் சாய்ந்து நிற்பதுதான் இது. இதற்கு வேர் விவிலியத்தில், கொரிந்து நகர மக்களுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தின் (2 கொரிந்தியர்) 12-ஆம் அதிகாரம். உடலில் தைத்த முள் போன்ற ஒரு துன்பத்தை நீக்கும்படி புனித பவுல் மூன்று முறை மன்றாடுகிறார். முள் போகவில்லை, “என் அருள் உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. அது என்ன முள் என்று பவுல் சொல்லவே இல்லை. நல்லதாய்ப் போயிற்று, அவரவர் முள்ளை அங்கே வைத்துப் படிக்கலாம்.

வலுவின்மை எப்படி வல்லமை ஆகும்? எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைப்பவர் யாரிடமும் கை நீட்ட மாட்டார். கிணற்றில் நீச்சல் பழகும்போது பயந்து கை காலை உதறினால் மூழ்குவோம். உடம்பைத் தளர விட்டால் தண்ணீரே தாங்கும். அப்புறம்தான் நீந்தவே வரும்.

பிரான்சின் லிசியே ஊர்க் கன்னியர் மடத்தில் 24 வயதில் காசநோயால் இறந்த சிறுமலர் தெரேசா, செப வேளையில் அடிக்கடி தூங்கிவிடுவார். அதற்காக அவர் மனம் உடைந்துவிடவில்லை. அவரைத்தான் 1997-இல் திருச்சபை மறைவல்லுநராக, அதாவது எல்லாருக்கும் நம்பிக்கையைக் கற்றுத்தரும் பெரிய ஆசிரியராக, அறிவித்தது.

சரி, அப்படியானால் நோய்க்கு மருந்து வேண்டாமா, தப்பைத் திருத்த வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் வேண்டும், முள்ளை எடுக்கச் சொல்லி பவுலே மூன்று முறை கேட்டாரே.