ரிமோட்டும் ஸ்டீரியோவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புது பேட்டரி போட்டும் ஸ்டீரியோ ரிமோட் வேலை செய்யவில்லை. கோளாறு ரிமோட்டிலா, செட்டிலா?

பதில்: அதை முதலில் பிரித்தறிவதுதான் முக்கியம். அது தெரியாமல் புது ரிமோட் வாங்கினால் காசு வீண். செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கில் இருக்கும் குட்டி பல்பை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அமுக்குங்கள். திரையில் அது வெளிர் ஊதாவாக மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்தான் அப்படித் தெரிகிறது. பின்பக்க கேமராக்கள் பலவற்றில் அதைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. செல்ஃபி கேமராவிலும் பாருங்கள். நன்றாக வேலை செய்யும் டிவி ரிமோட்டை முதலில் காட்டிப் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது.

மின்னவில்லையா? பேட்டரி அறையின் ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம் என்பதால் வினிகர் தொட்ட காது குடையும் பஞ்சில் துடைத்தால் கரையும். ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.

சில பட்டன்கள் மட்டும் மக்கர் செய்தால் பிரிக்க வேண்டும். ஸ்க்ரூ பெரும்பாலும் பேட்டரிக்கு அடியில் ஒளிந்திருக்கும். ரப்பர் ஷீட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசி முழுக்க உலர்த்துங்கள்; சர்க்யூட் போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் உள்ள கறுப்புப் பொட்டுதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. அதைச் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது, தேய்த்தால் பட்டன் போயேபோய்விடும்.

மின்னுகிறது, செட் கேட்கவில்லை என்றால்? செட்டின் முகப்பில் கதிர் வாங்கும் கறுப்பு ஜன்னலைத் துடையுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துச் சோதியுங்கள். ரிமோட் அனுப்பும் கதிர் பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கும். சில சிஎஃப்எல் விளக்குகளும் அதற்கு அருகான வேகத்தில் துடிப்பதால் செட் குழம்பிவிடும். செட்டின் அந்தக் கறுப்பு ஜன்னலில் நேராக விழும் வெயிலும் ரிமோட் எட்டும் தூரத்தைக் குறைக்கும்.

கேள்வி: செட்டை மர அலமாரிக்குள் வைத்துவிட்டோம். கதவை மூடினால் ரிமோட் எடுபடவில்லை.

பதில்: அகச்சிவப்புக் கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடக்கும், மரத்தைக் கடக்காது. ஐஆர் ரிப்பீட்டர் வாங்குங்கள்; ரிமோட்டின் கதிரை வெளியே வாங்கி வயர் வழியாக உள்ளே மறுபடி அனுப்பும் கருவி அது. அதன் கண்ணை வெளியே ஒட்டி, வயர் நுனியிலுள்ள பல்பைச் செட்டின் கதிர் வாங்கும் ஜன்னல்மேல் ஒட்டினால் போதும். அந்தப் பல்பின் வெளிச்சம் வெளியே உள்ள கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. பட்டால் சிக்னல் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ரிமோட்டில் வால்யூம் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரின் குமிழ் தானாகச் சுழல்கிறது. இது கோளாறா?

பதில்: இல்லை, உள்ளே குட்டி மோட்டார் இருக்கிறது. கையால் திருப்பும்போது மோட்டார் முரண்டு பிடிக்காதபடி வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் ஒன்றும் உண்டு. மோட்டார் முனகியும் குமிழ் நகரவில்லை என்றால் அந்தக் கிளட்ச்தான் தேய்ந்திருக்கும். சுழலும்போது ஸ்பீக்கரில் கரகரப்பு வந்தால் குமிழுக்குப் பின்னால் உள்ள வால்யூம் கன்ட்ரோலுக்குள் தூசி. பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்து, கான்டாக்ட் கிளீனரை (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) கன்ட்ரோலின் இடுக்கில் சிறிதளவு தெளித்து, குமிழை இருபது தடவை கோடிக்குக் கோடி கையால் திருப்புங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும்.