எழும்பூர் பிரீமேசன் ஹாலுக்குள் என்ன நடக்கிறது? இல்லுமினாட்டியும் இதுவும் ஒன்றா? சேர்ந்தால் பணம் வருமா?

பிரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள், கல் கொத்தர்களின் பழைய மரபை வைத்துச் சடங்குகளோடு கூடும் ஒரு சகோதர அமைப்பினர். முதலில் அவர்கள் சொல்லும் ‘லாட்ஜ்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊரில் லாட்ஜ் என்றால் ரூம் எடுத்துத் தங்கும் இடம். மேசன்களுக்கு அது கட்டடம்கூட இல்லை, கூடுகிற உறுப்பினர் குழுவுக்கே அந்தப் பெயர். எத்திராஜ் சாலையில் 1925-ல் திறக்கப்பட்ட அந்தத் தூண் வைத்த மண்டபத்தைப் பல லாட்ஜுகள் நாள் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், எண், தலைவர், வரவு செலவு எல்லாம் உண்டு. சென்னையின் ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ லாட்ஜ் 1786-லிருந்து இருக்கிறது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் மேசன் ஆனது அதற்கும் முன்னால், 1775-ல். லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமையான இந்திய கிராண்ட் லாட்ஜ் தனியாக அமைந்தது 1961 நவம்பர் 24. அதன் தென்னிந்தியப் பிரிவுக்கு எழும்பூர்தான் தலைமையிடம்.

உள்ளே கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. கிழக்கே தலைவர், மேற்கிலும் தெற்கிலும் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் இரண்டு வார்டன்கள் உட்காருவார்கள். வடக்கே வார்டன் இருக்கை கிடையாது. கதவுக்கு வெளியே வாளோடு ஒருவர் காவல் நிற்பார், டைலர் என்று பெயர். கதவு சாத்தியிருக்கிறதா, வந்திருப்பவர் எல்லாரும் மேசன்தானா என்று பார்த்த பிறகே லாட்ஜ் திறக்கும். பீடத்தில் இருப்பது பைபிள் மட்டும் அல்ல. கீதை, குர்ஆன், குரு கிரந்த சாகிப் என்று உறுப்பினர்களின் வேதங்கள் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருக்கும். உறுதிமொழியை அவரவர் வேதத்தின் மேல்தான் எடுக்கிறார்கள். மதச் சண்டைக்கும் அரசியல் பேச்சுக்கும் உள்ளே இடமில்லை.

புதிதாகச் சேருபவரை அழைத்து வரும் முறைதான் வெளியே பலவிதமாகத் திரிந்து போகிறது. கண்ணைக் கட்டுவார்கள், கழுத்தில் கயிறு போடுவார்கள், இடது முழங்கால் தெரிய கால்சட்டையைச் சுருட்டிவிடுவார்கள். மோதிரம், வாட்ச், காசு என்று உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பின்னர் கண்கட்டை அவிழ்த்து, அறையின் வடகிழக்கு மூலையில் நிறுத்தி, “ஏழைக்கு ஏதாவது கொடுங்கள்” என்று கேட்பார்கள். அவர் கையில் ஒன்றுமில்லை. “இல்லாதவன் ஒருவன் உங்களிடம் கேட்கும்போது இந்த நிமிஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள்” என்பதுதான் அங்கே தரும் பாடம். இந்தச் சடங்கிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கட்டடத்தின் முதல் கல்லை வடகிழக்கில் வைப்பது அவர்கள் மரபு. ஈசானிய மூலையில் பூஜை போட்டு வீடு தொடங்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வசனம் முழுவதும் மனப்பாடம். பக்கம் பக்கமாகப் போகும். தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சொல்லுபவர் மூச்சு விடும்போது மறந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் எடுத்துக்கொடுத்தால், வந்தவருக்கு எதுவும் மனதில் நிற்காது. எடுத்துக்கொடுப்பவர் ஒருவர்தான் என்று முன்பே பேசிவைத்து, இரண்டு தடவையாவது ஒத்திகை பார்த்த லாட்ஜில் இந்தக் குழப்பம் வருவதில்லை.

சேருவதற்கு 21 வயது நிரம்பிய ஆணாக இருக்க வேண்டும், கடவுள் நம்பிக்கை வேண்டும். பெண்களுக்கு இந்த அமைப்பில் இடமில்லை. இது எனக்கு உடன்பாடில்லாத விதி. அன்னி பெசன்ட் இருந்தது ஆண் பெண் இருவரையும் சேர்க்கும் கோ-மேசன்ரி, அது வேறு அமைப்பு. உங்களை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் தேவை. நேரில் பேசிப் பார்ப்பார்கள், வீட்டில் சம்மதமா என்றும் கேட்பார்கள். பிறகு வாக்கெடுப்பு. பெட்டிக்குள் கைவிட்டு வெள்ளை உருண்டையோ கருப்பு உருண்டையோ போடுவார்கள். யார் எதைப் போட்டார் என்று தெரியாது. அந்தந்த லாட்ஜின் விதிப்படி ஒன்றிரண்டு கருப்பு விழுந்தாலே விண்ணப்பம் நின்றுவிடும்.

இல்லுமினாட்டி வேறு. அது 1776-ல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் தொடங்கிய ரகசியச் சங்கம், சில மேசன்களும் அதில் இருந்தார்கள், பத்து வருஷத்துக்குள் அரசாங்கம் தடை போட்டுவிட்டது. ஆனாலும் வெளியே உலவும் வதந்திக்கு மேசன்கள் மேலும் தப்பு இருக்கிறது. லாகூர் லாட்ஜ் கட்டடத்தை ஊர்மக்கள் அந்தக் காலத்திலேயே ‘ஜாதுகர்’, அதாவது மாயவித்தை வீடு, என்றார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் வாளோடு ஆளை நிறுத்திவிட்டு, கேட்டவருக்குப் பதிலும் சொல்லாவிட்டால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? உண்மையில் மறைக்க வேண்டியது ஒருவரையொருவர் அடையாளம் காணும் சைகை, கைகுலுக்கல், சொல் இவ்வளவுதான். ‘நான் மேசன்’ என்று சொல்லத் தடையே இல்லை. கோவையில் குழந்தைகளுக்கான மேசானிக் மருத்துவமனை பெயரை வெளியே போட்டுக்கொண்டுதான் நடக்கிறது. இதைப் பேசாமல் இருந்தால் யூடியூப்காரர் சொல்வதுதான் நிற்கும்.

பணம் வராது, போகும். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, கூட்டம் முடிந்த பிறகு சாப்பாட்டுச் செலவு, தர்ம நிதி எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். கட்டணம் எவ்வளவு என்று விண்ணப்பிக்கும் முன்பே செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ‘சேர்ந்தால் கோடி, முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்று வந்தால் அது மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் பிளாக் செய்துவிட்டு, சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.