பாபிலோன் என்னும் பெயர்

அன்புள்ள ஐயா,

விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வரும் பாபிலோன் ரோமாபுரியைக் குறிப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆட்சியாளர்களின் சந்தேகத்துக்கு அஞ்சித்தான் கிறிஸ்தவர்கள் இப்படி மறைபெயர் சூட்டினார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பலரும் அப்படித்தான் விளக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறைப்பதுதான் நோக்கமென்றால், பாபிலோன் எனப்படும் அந்தப் பெண் ஏழு மலைகள்மீது அமர்ந்திருக்கிறாள் என்றும், மண்ணுலக அரசர்களை ஆளும் மாநகர் அவளே என்றும் 17ஆம் அதிகாரம் சொல்லியிருக்காது. ரோமாபுரியின் ஏழு குன்றுகளை அறியாதவர் பேரரசில் அரிது, கி.பி. 71இல் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட காசு ஒன்றில் ரோமா தேவியே அக்குன்றுகள்மேல் அமர்ந்திருக்கிறாள். உண்மையிலேயே அந்நூல் மறைத்துச் சொன்னது, விலங்கின் எண்ணாக அது தரும் 666ஐத்தான். ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கும் நீரோ சீசர் என்பதை எபிரேய எழுத்துகளில் எழுதி, அவ்வெழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் அந்த எண் வருகிறது என்பதே அறிஞர் பலரின் கருத்து.

பாபிலோன் என்பதை நான் ஒரு தீர்ப்பாகவே வாசிக்கிறேன். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேம் ஆலயத்தை இடித்தவர்கள் பாபிலோனியர். மீண்டும் எழுந்த ஆலயத்தை கி.பி. 70இல் ரோமத் தளபதி டைட்டஸின் படை எரித்தது. அந்த அழிவுக்குப்பின் எழுதப்பட்ட நான்காம் எஸ்ரா, இரண்டாம் பாரூக்கு ஆகிய யூத நூல்களும் ரோமையைப் பாபிலோனாகவே காண்கின்றன. ஆகவே யூதர்களின் துயரத்திலிருந்தே இப்பெயர் கிறிஸ்தவர்களிடம் வந்தது எனலாம். பழைய பாபிலோன் வீழ்ந்ததுபோல இதுவும் வீழும் என்ற நம்பிக்கையும் அதனுடனேயே வந்தது.

அத்தீர்ப்பின் முழுக் கடுமையை அறிய 18ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். மாநகர் எரியும்போது, தங்கள் சரக்கை இனி வாங்குவாரில்லையே என்று வணிகர்கள் புலம்புகிறார்கள். பொன், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, கோதுமை, ஆடுமாடுகள் என்று நீளும் அச்சரக்குப் பட்டியல், கடைசியில் அடிமைகளில், மனித உயிர்களில் வந்து முடிகிறது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியதோடு, மனிதரையே விலைப்பொருளாக்கிய செல்வத்தையும் சேர்த்தே இந்நூல் குற்றம்சாட்டுகிறது.

ஆனால் விவிலியத்திலுள்ள பேதுருவின் முதல் கடிதத்தில் இதே பெயருக்கு வேறு தொனி உண்டு. சிதறி வாழும் அந்நியர்களுக்கு எழுதப்பட்ட அக்கடிதம் அரசருக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. முடிவில் பாபிலோனிலுள்ள சபையின் வாழ்த்தையும் தெரிவிக்கிறது. ரோமையைத்தான் அது உருவகமாகச் சுட்டுகிறது என்ற கருத்தை நான்காம் நூற்றாண்டிலேயே திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பதிவுசெய்திருக்கிறார். அங்கே அந்தப் பெயரில் கண்டனம் இல்லை; எழுதுகிறவரும் பெறுகிறவர்களும் நாடுகடத்தப்பட்டவர்களைப்போல அந்நிய மண்ணில் வாழ்கிறார்கள் என்பதையே அது சொல்கிறது.