அவருக்கு முன்பே தெரியும் என்றால், என் தம்பிக்கு வேறு வழி இருந்ததா?

கேள்வி: என் தம்பி சபைக்கு வருவதை நிறுத்தி நான்கு வருடங்கள் ஆகின்றன. வீட்டோடும் பேச்சு இல்லை. அம்மா தினமும் இரவு அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். போன மாதம் உறவினர் ஒருவர், “இவன் இப்படிப் போவான் என்று இவன் பிறப்பதற்கு முன்பே கர்த்தருக்குத் தெரியும். அவர் சித்தம் அதுதான் போலிருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து ஜெபிக்க முடியவில்லை. தேவனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் தம்பிக்கு வேறு வழி இருந்ததா? இல்லையென்றால் அவனைக் குற்றம் சொல்வது எப்படி நியாயம்? இப்படிப் போவான் என்று தெரிந்தே ஏன் அவனைப் படைத்தார்? அம்மாவின் ஜெபத்தால் இனி எது மாறும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கர்த்தருக்கு முன்பே தெரியும் என்பது ஒன்று. ஆகவே அது அவர் சித்தம் என்பது இன்னொன்று. முதலாவதைத் திருச்சபை ஆதிமுதல் நம்பி வந்திருக்கிறது. “என் நாவில் சொல் பிறவாததற்கு முன்னே, இதோ, கர்த்தாவே, அதையெல்லாம் நீர் அறிந்திருக்கிறீர்” என்று 139ஆம் சங்கீதம் பாடுகிறது. ஆனால் இரண்டாவது, முதலாவதோடு தானாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மனம் நொந்திருப்பவர்களிடம் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு மனிதனுடைய கதையை அவன் உயிரோடிருக்கும்போதே முடித்துவைக்கிறார்கள்.

தேவன் எல்லாவற்றையும் முன்னறிகிறார், ஆனால் எல்லாவற்றையும் முன்குறிப்பதில்லை, அதாவது முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதில்லை என்று 8ஆம் நூற்றாண்டிலேயே தமஸ்குவின் யோவான் என்ற இறையியலாளர் பிரித்து எழுதினார். நம் கையில் விடப்பட்டவை நம் கையில்தான் இருக்கின்றன என்பது அவர் கருத்து. அவருக்கு முன்பே, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், அகஸ்டின் என்ற சபைப் பிதா இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நடந்துபோன ஒன்றை நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் நினைவு அதை நடக்கவைக்கவில்லை. அதைப் போலவே, நடக்கப்போவதைத் தேவன் அறிந்திருப்பதும் அதை நடக்கவைப்பதில்லை என்றார். நான்கு வருடங்களுக்கு முன் தம்பி வீட்டை விட்டுப் போன நாள் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். உங்கள் ஞாபகமா அவனை வெளியே அனுப்பியது?

இங்கே பலரும் இடறும் ஒரு இடம் உண்டு. தேவன் அறிந்தது தவறாது என்பது சரி. அதிலிருந்து, “அவனால் வேறு மாதிரி செய்திருக்கவே முடியாது” என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறோம். அவன் வேறு மாதிரி செய்பவனாக இருந்திருந்தால், தேவன் ஆதியிலிருந்தே அந்த வேறு மாதிரியைத்தான் அறிந்திருப்பார். அவன் தெரிந்தெடுத்தபடியால் அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தபடியால் அவன் தெரிந்தெடுக்கவில்லை.

நீங்கள் யோசிக்கிறவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் அடுத்த கேள்வியும் உங்களுக்கு வரும். தம்பி பிறப்பதற்கு முன்பே தேவன் அறிந்தாயிற்று, அது கடந்த காலம். கடந்த காலத்தை யாராலும் மாற்ற முடியாது. அப்படியானால் அவன் பிறந்தபோதே எல்லாம் முடிந்த கதைதானே? இந்த வாதத்தை 1965இல் நெல்சன் பைக் என்ற தத்துவ அறிஞர் கூர்மையாக எடுத்து வைத்தார். அதைச் சுற்றி இன்றுவரை சர்ச்சை ஓயவில்லை. 1990களில் சில இறையியலாளர்கள், மனிதர் சுதந்திரமாக எடுக்கப்போகும் முடிவுகள் இன்னும் அறியப்படக்கூடிய பொருளாகவே ஆகவில்லை, ஆகவே தேவன் அவற்றை முன்னறியாததில் அவருக்குக் குறை எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். வேதாகமத்தில் தேவன் மனிதரோடு பேசும் விதத்தை அவர்கள் அக்கறையோடு வாசித்தவர்கள்தான். ஆனாலும் அவர்களோடு என்னால் போக முடியவில்லை. பேதுருவின் கதை என்னை விடுவதில்லை. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இந்தக் கடந்தகால முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களில் எனக்குப் பிடித்தவர் போயத்தியஸ் என்ற ரோமத் தத்துவ அறிஞர். 524 வாக்கில், தியோடரிக் மன்னன் ஆட்சியில் சிறைப்பட்டு, மரண தண்டனையை எதிர்பார்த்திருந்த நேரத்தில் அவர் இதை எழுதினார். தேவன் நம்மைப்போல நேற்று, இன்று, நாளை என்று ஒவ்வொரு நாளாகக் கடந்து வருபவர் அல்ல. அவருடைய நித்தியத்தில் எல்லாக் காலமும் ஒருசேர அவர் கண்முன் இருக்கிறது என்றார். ஒருவன் நடந்துபோவதை நீங்கள் பார்க்கிறீர்கள். நீங்கள் பார்க்கும்போது அவன் நடந்துகொண்டிருப்பது நிச்சயம். ஆனால் உங்கள் பார்வை அவன் காலைப் பிடித்து நடத்தவில்லை. தேவனுடைய அறிவும் அப்படிப்பட்ட பார்வை. நமக்குத்தான் அது முன்னறிவாகத் தோன்றுகிறது. நாளை எப்படிச் சாவோம் என்று தெரியாத ஒருவர் இதை எழுதினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வசதியாக உட்கார்ந்து செய்த யோசனை இல்லை இது.

சரி, தத்துவம் இவ்வளவு போதும். உங்களுக்கு ஜெபம் நின்றுபோனது தத்துவத்தால் அல்ல என்று நினைக்கிறேன். தேவன் ஏற்கெனவே முடிவெழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் என்ற பயத்தால்தான் நின்றிருக்கிறது. அந்தப் பயத்துக்கு வேதாகமத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

1 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். தாவீது கேகிலா ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றி, அங்கேயே தங்கியிருக்கிறான். சவுல் அவனைப் பிடிக்க ஆள் திரட்டுகிறான். தாவீது, ஆசாரியர் அணியும் அங்கியான ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, கர்த்தரிடம் கேட்கிறான்: சவுல் இங்கே வருவானா? வருவான். இந்த ஊரார் என்னை அவன் கையில் ஒப்புக்கொடுப்பார்களா? ஒப்புக்கொடுப்பார்கள். இரண்டுமே தெளிவான பதில்கள். உங்கள் உறவினர் அங்கே இருந்திருந்தால், “அவ்வளவுதான், கர்த்தருக்கே தெரிந்துவிட்டது” என்று தாவீதை உட்காரவைத்திருப்பார். தாவீதோ ஏறக்குறைய 600 பேரோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். அதைக் கேள்விப்பட்ட சவுலும் புறப்படுவதை நிறுத்திவிட்டான். சவுல் வரவில்லை, ஊரார் ஒப்புக்கொடுக்கவும் இல்லை. தாவீது அங்கே தங்கினால் என்ன ஆகும் என்பதும் தேவனுடைய அறிவுக்குள் இருந்தது. அதை அவர் சொன்னதே அவன் தப்பிப்போகத்தான்.

1588இல் லூயிஸ் தெ மோலினா என்ற இயேசு சபைக் குரு இப்படிப்பட்ட அறிவை, அதாவது இன்ன நிலையில் இன்னார் சுதந்திரமாக என்ன செய்வார் என்று தேவன் அறிவதை, ஒரு பெரிய நூலாக விரித்தார். இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான தொமினிக்கன் சபையார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1598 தொடங்கி ரோமில் விசாரணைமேல் விசாரணை. கடைசியில் 1607இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் எந்தத் தரப்பையும் கண்டனம் செய்யாமல் விவாதத்தை முடித்துவைத்தார். சீர்திருத்தச் சபைகளிலும் இதே தகராறு எழுந்து, 1618–19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் மாநாட்டில், மனிதன் தேவ கிருபையை மறுக்கவும் முடியும் என்ற அர்மீனியஸ் வழிவந்தவர்களுக்கு எதிராக முடிந்தது. நடப்பதெல்லாம் தேவ தீர்மானம் என்று அழுத்திச் சொல்லும், சீர்திருத்தச் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைகூட, அந்தத் தீர்மானம் சிருஷ்டிகளின் சித்தத்தை வன்முறை செய்வதில்லை என்று அதே அதிகாரத்தில் சேர்த்தே சொல்கிறது. மிகக் கண்டிப்பான வழியில் நிற்பவர்களே விட்டுக்கொடுக்காத ஒன்றை, வரவேற்பறையில் உட்கார்ந்து ஒருவர் ஒரே வாக்கியத்தில் துடைத்தெறிய முடியாது.

இப்போது பேதுரு. கடைசி இராப்போஜனத்தில் அவனிடம் இயேசு சொல்கிறார், சேவல் கூவுவதற்கு முன் நீ என்னை மூன்று தரம் மறுதலிப்பாய் என்று. முன்னறிவு என்றால் இதைவிட நுணுக்கமாக இருக்க முடியாது. எண்ணிக்கையும் நேரமும் உட்பட வந்துவிட்டது. அப்புறம் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம். குளிர். நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், பேதுருவும் நடுவே உட்காருகிறான். நெருப்பு வெளிச்சத்தில் ஒரு வேலைக்காரப் பெண் அவனை உற்றுப் பார்க்கிறாள். அவன் பேச்சே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்று முறையும் அவன் வாயைத் திறக்கவைத்தது என்ன? பயம். இயேசு சொன்னது அப்போது அவன் நினைவில்கூட இல்லை. சேவல் கூவிய பிறகுதான் ஞாபகம் வருகிறது என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முந்தின வரியில் கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப் பார்த்தார் என்றும் எழுதுகிறார். பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான். “என்னால் வேறென்ன செய்திருக்க முடியும், நீர்தானே முன்பே சொன்னீர்” என்று அவன் வாதாடவில்லை. தானே செய்தது என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் இந்த முன்னறிவிப்பை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். லூக்கா 22இல் மறுதலிப்பைச் சொல்வதற்கு முன்பே இயேசு சொன்னது இது: “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்; நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து.” அவன் விழுவான் என்று தெரியும். திரும்புவான் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்த அவரே அவனுக்காக ஜெபித்தார். முடிவு தெரிந்தால் ஜெபம் வீண் என்றால், உலகத்தில் முதலில் ஜெபத்தை நிறுத்தியிருக்க வேண்டியவர் அவர்தான்.

அம்மாவின் ஜெபத்தால் எது மாறும் என்ற கேள்விக்கும் என் பதில் இங்கிருந்துதான் வருகிறது. அப்போஸ்தலர் 27இல் பவுல் போகும் கப்பல் புயலில் சிக்குகிறது. கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொல்லியாயிற்று. பதினாலாம் இரவில், நங்கூரம் போடுவதுபோலப் பாவனை செய்து, கப்பலாட்கள் படவை இறக்கித் தப்பி ஓடப் பார்க்கிறார்கள். “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்” என்கிறான் பவுல். போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துப் படவை விழவிடுகிறார்கள். எல்லாரும் பிழைப்பார்கள் என்பதும் உறுதி, அந்தக் கயிற்றை யாராவது அறுத்தாக வேண்டும் என்பதும் உறுதி. தேவன் முடிவை மட்டும் தனியாக அறிவதில்லை. அதற்குப் போகும் வழியையும் சேர்த்தே அறிகிறார். உங்கள் அம்மா நான்கு வருடங்களாகச் சொல்லிவரும் ஜெபம் அவருக்குப் பிறகு தெரியவந்த ஒன்றல்ல. உலகத்தோற்றத்துக்கு முன்பே அது அவர் கணக்கில் இருக்கிறது.

தெரிந்தே ஏன் படைத்தார்? இதுதான் உங்கள் கேள்விகளில் கனமானது. இதுவரை நான் சொன்ன எதுவும் இதை முழுதாகத் தீர்க்காது. அறிவது வேறு, செய்யவைப்பது வேறு என்று காட்டிவிடலாம். அறிந்தும் ஏன் உண்டாக்கினார் என்பது அதற்கப்பாலும் நிற்கிறது. தன்னை மறுத்துப்போகக்கூடிய ஒருவனைத்தான் மனமார நேசிக்கவும் கூடியவனாகப் படைக்க முடியும் என்று சபைப் பிதாக்கள் பலர் சொன்னதை நான் நம்புகிறேன். அதற்குக் கொடுக்கும் விலை தேவனுக்கும் வலிக்கிறது என்பதையும் நம்புகிறேன். எருசலேமைப் பார்த்து, நான் எத்தனைதரமோ உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், “உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று” என்று இயேசு சொன்னதை நாடகம் என்று என்னால் வாசிக்க முடியாது. அவர் விரும்பினார், அவர்கள் விரும்பவில்லை. எல்லாம் தேவ சித்தப்படியே நடந்தது என்று மேலோட்டமாகப் பேசுகிறவர்கள் இந்த வசனத்துக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இன்னொன்று. தம்பியின் முடிவு தேவனுக்குத் தெரியும் என்பதால் உங்கள் உறவினருக்கும் தெரிந்துவிடாது. முன்குறித்தலுக்கு ஆதாரமாக எல்லாரும் எடுத்துக்காட்டும் ரோமர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம், தன் இனத்தாருக்காகப் பவுலின் இருதயத்தில் இருக்கும் இடைவிடாத வேதனையோடு தொடங்குகிறது. அதை எழுதி முடித்தவுடன், 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, அவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்று ஜெபிப்பதாகச் சொல்கிறார். தேவனுடைய தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அவ்வளவு உயரமாக எழுதிய கை, அந்த மையோடேயே இதையும் எழுதியது.

தம்பி செய்ததற்கு அவன் பொறுப்பாளிதான். அவன் சுதந்திரமாகப் போனான் என்று சொல்லும்போது அதுவும் சேர்ந்தே வருகிறது. ஆனால் நான்கு வருட மௌனத்துக்குப் பின்னால் என்ன காயம் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சபையில் யாராவது அவனைப் புண்படுத்தினார்களா, வீட்டில் ஏதாவது நடந்ததா என்று நீங்கள் அறிந்திருக்கக்கூடும். அதில் நீங்கள் சரிசெய்யக்கூடியது ஏதாவது இருந்தால், அது எழுதப்பட்ட விதி என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரமே அவனுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சபையைப் பற்றியோ அம்மாவின் கண்ணீரைப் பற்றியோ அதில் ஒன்றும் வேண்டாம். எப்படி இருக்கிறாய், உடம்பு நன்றாக இருக்கிறதா, பேச வேண்டும்போல இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். பதில் வராமல் போனால் கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் அனுப்புங்கள்.